தரைமேல் போட்ட பழி

தும்மினால் எலும்பு உடையும் என்று யாராவது சொல்லியிருந்தால் டைல்ஸ் அக்கா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இப்போது சிரிக்கவும் வழியில்லை. சிரித்தால் விலாவில் உயிர் போகிற வலி.

நடந்தது இவ்வளவுதான். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஜன்னல் திரையை உதறினாள். தூசி மூக்கில் ஏறியது. ஒரு தும்மல். பெரிய தும்மல்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் தும்மல்தானே! இடது பக்கம், மார்புக்குக் கீழே, படக்கென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு அவளால் மூச்சை இழுக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வண்டி பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். படம் எடுத்துப் பார்த்துவிட்டு விலா எலும்பு உடைந்திருக்கிறது என்றார்கள். கட்டுப் போடவும் முடியாதாம். வலிக்கு மாத்திரை கொடுத்து, எலும்பு டாக்டரை வந்து பார்க்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சாயங்காலம் அண்ணன் பார்க்க வந்தார். உடம்பு சரியில்லாதவர்களைப் பார்க்க வருகிறவர்கள் பழம் வாங்கி வருவார்கள். இவர் கையில் ரசமட்டம் இருந்தது, தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க உதவும், நடுவில் குமிழி ஓடுகிற அந்தக் கட்டை.

“எங்க நின்னுட்டிருந்த?” என்றார் வந்ததும் வராததுமாக.

“ஜன்னல்கிட்ட.”

“எந்த டைல் மேல?”

“அண்ணே, நான் விழலை. தும்மினேன்.”

“சரிம்மா, தும்மினே. எந்த டைல் மேல நின்னு தும்மினே?”

அவள் காலால் காட்டினாள். அண்ணன் மண்டியிட்டு உட்கார்ந்து ரசமட்டத்தை வைத்தார். குமிழி நட்டநடுவில் வந்து நின்றது. நிற்காமல் என்ன செய்யும், அவரே போட்ட தரை! அவருக்கு அது போதவில்லை. ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து பார்த்தார். பிறகு உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, “லேசா வழவழன்னு இருக்கு. தும்மும்போது கால் நழுவியிருக்கும், உனக்கே தெரிஞ்சிருக்காது. அடுத்த வாரம் மாத்திடலாம்” என்றார்.

இவரை என்ன செய்வது, சொல்லுங்கள். அவள் கத்த வாயைத் திறந்தாள். கத்தவும் விலா விடவில்லை.

அண்ணனை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. அந்தக் குடும்பமே அப்படித்தான். அப்பா தரை போடுகிறவர். எந்த வீட்டுக்குள் போனாலும் வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் தரையைப் பார்ப்பார். அவருக்குப் பின் அண்ணன் அதே தொழிலில் இறங்கினார். தங்கை, அவளை எல்லோரும் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள், அண்ணனோடு வேலைக்குப் போய் டைல்ஸ் இடுக்குகளுக்குப் பூச்சு போடுவாள். நடுவில் பிறந்த இவளுக்கு டைல்ஸ் கடையில் விற்பனை வேலை. முப்பது வருஷத்துக்கு மேலாக ஒரே கடை. புருஷன் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் பெரிய விஷயம். ஒரே மகள், வேறு ஊரில் வேலை. கல்யாணம், பிரசவம், மகளின் படிப்பு எல்லாம் அந்தக் கடைச் சம்பளத்தின் முதுகில் ஏறித்தான் போயின. தெருவில் அவளுடைய பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. டைல்ஸ் அக்கா என்றால் குழந்தைகூட வீட்டைக் காட்டும்.

கடையில் அவளுக்கென்று ஒரு வித்தை உண்டு. வாங்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: வழுக்குமா? மற்ற விற்பனையாளர்கள் கம்பெனி அட்டையைக் காட்டுவார்கள். இவள் மாதிரி டைலைக் கீழே போட்டு, தண்ணீர் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஒற்றைக்காலில் நிற்பாள். நின்றுகொண்டே விலை பேசுவாள். “நான் விழுந்தா பாதி விலை, விழலைன்னா முழு விலை” என்பாள். சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். அவள் ஒரு தடவையும் விழுந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

அம்மா கதைதான் வேறு. அம்மாவுக்கு முதலில் மணிக்கட்டு உடைந்தது, குளியலறையில். அப்பா அன்றைக்கே குளியலறைத் தரையைக் கொத்திப் போட்டார். இரண்டாம் முறை துணி துவைக்கிற இடத்தில் தோள்பட்டை. அங்கேயும் தரை மாறியது. மூன்றாம் முறை இடுப்பு. வீட்டு நடையில், காய்ந்த தரையில், யாரோ கூப்பிட்டார்கள் என்று திரும்பினாள், அப்படியே சரிந்தாள். “விழறதுக்கு முன்னாடியே உள்ள என்னமோ ஒடிஞ்ச மாதிரி இருந்துச்சு” என்று அம்மா சொன்னாள். பல தடவை சொன்னாள். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? அப்போது அப்பா இல்லை. அண்ணன் வீடு முழுக்கத் தரையைப் பெயர்த்து, சொரசொரப்பான கல் போட்டார். எவ்வளவு சொரசொரப்பு என்றால், அதில் தவழ்ந்த குழந்தைகளுக்கு முழங்கால் தோல் வழன்றது. அம்மாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்ததும், “காலைக் கீழே வைக்கக் கூடாது, எல்லாம் நாங்க பாத்துக்கறோம்” என்று கட்டிலில் படுக்கவைத்தார்கள். எல்லோரும் மாறி மாறிப் பாசமாகப் பார்த்துக்கொண்டார்கள். எட்டு மாதம் கழித்து அதே கட்டிலில் போய்ச் சேர்ந்தாள். மகன் பார்த்துப் பார்த்துப் போட்ட அந்தப் புதுத் தரையை அம்மா ஒரு நாள்கூட மிதிக்கவில்லை.

இந்தக் கதையெல்லாம் எலும்பு டாக்டரிடம் போன அன்றுதான் வெளியே வந்தது. டாக்டர் இளம்பெண், மகள் வயசுதான் இருக்கும். விலாப் படத்தைப் பார்த்துவிட்டு, எப்படி உடைந்தது என்று கேட்டாள். தும்மல் என்றதும் சிரிக்கவில்லை. அதுவே டைல்ஸ் அக்காவுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

“மாதவிலக்கு எப்போ நின்னுச்சும்மா?”

“நாப்பத்தெட்டு வயசுல. ஆறு வருஷம் ஆச்சு.”

“உங்க அம்மாவுக்கு எலும்பு ஏதாவது உடைஞ்சிருக்கா? முக்கியமா இடுப்பு?”

அவள் சொல்லச் சொல்ல டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். பிறகு எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு மேசையில் படுக்கவைத்தார்கள், மேலே ஒரு கை மாதிரி எதுவோ நகர்ந்து போயிற்று, வலியே இல்லை. முடிவு வந்தபோது டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. “எலும்பு ரொம்ப மெலிஞ்சிருக்கு. வயசு ஆனா எல்லாருக்கும் கொஞ்சம் மெலியும். மாதவிலக்கு நின்னதும், அதுவரைக்கும் எலும்பைக் காப்பாத்திட்டிருந்த ஹார்மோன் குறைஞ்சிடும். அப்போ பொம்பளைங்களுக்கு வேகமா கரையும். யாருக்கு எவ்வளவு வேகமா கரையும்கிறது பாதிக்கு மேல பிறக்கும்போதே கூட வர்றது. உங்க குடும்பத்துல அது இருக்கும்மா.”

“எங்க அம்மாகிட்டேருந்தா?”

“அம்மாகிட்டேருந்து பாதி, அப்பாகிட்டேருந்து பாதி. ஒரே ஒரு மரபணுன்னா கையை நீட்டிக் காட்டிடலாம். இது நூத்துக்கணக்குல சின்னச் சின்னதா இருக்கு. ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சம் இழுக்கும்.” அவளுக்கு வாரம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தாள். காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் படுக்காமல் நிமிர்ந்தே இருக்க வேண்டும். எழுந்து போகும்போது டாக்டர் கேட்டாள்: “கூடப் பிறந்த பொண்ணுங்க யாராவது?”

“ஒரு தங்கச்சி. நாப்பத்தேழு வயசு.”

“அவங்களுக்கு நின்னுடுச்சா?”

“நாப்பத்தொண்ணுல கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க. சினைப்பையையும் சேர்த்து.”

டாக்டர் முகம் மாறியது. “அப்போ அவங்களுக்கு அன்னிக்கே ஹார்மோன் நின்னுபோச்சு. உடனே கூட்டிட்டு வாங்க. விழுந்து உடைச்சுக்கிறதுக்கு முன்னாடி கூட்டிட்டு வாங்க.”

உடனே என்றாள் அந்த டாக்டர். அவளுக்கு என்ன தெரியும், இந்தக் குடும்பத்தைப் பற்றி!

தங்கையைத் தேடி டைல்ஸ் அக்கா அவள் வேலை செய்கிற இடத்துக்கே போனாள். புது வீடு, கதவுகூட மாட்டவில்லை. சின்னவள் முழங்காலுக்குக் கீழே பஞ்சுத் திண்டு வைத்து, குனிந்து, ரப்பர் கரண்டியால் இடுக்குகளில் பூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் அகலமான பட்டை. முதுகு வலிக்காகக் கட்டுவது. அக்கா சொன்னதையெல்லாம் கையை நிறுத்தாமல் கேட்டாள். பிறகு சிரித்தாள்.

“அக்கா, நீ அம்மா ஜாடை. ஒல்லி உடம்பு, சின்னக் கை, தும்மினா உடையுற எலும்பு. என்னைப் பாரு. என் தோளைப் பாரு, என் காலைப் பாரு. நான் அப்பா ஜாடை. அப்பா மாடியிலேருந்து விழுந்துட்டு, எழுந்து வந்து டீ கேட்டவரு.”

“முகஜாடைக்கும் எலும்புக்கும் என்னடி சம்பந்தம்? டாக்டர் சொன்னாங்க, எந்தப் பாதி யாருக்கு வந்துச்சுன்னு வெளியிலேருந்து தெரியாதாம்.”

“அப்போ எனக்கு வரலைன்னும் இருக்கலாம்ல?”

“இருக்கலாம். அதைத்தான் பாத்துடலாம்னு சொல்றேன்!”

“வேலை தலைக்கு மேல கிடக்கு. அடுத்த மாசம் பாப்போம்.”

அக்காவுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. சுவரோரம் அடுக்கியிருந்த டைல்ஸ் பெட்டிகளைக் காட்டினாள். “நிறம் வேற வேறயா இருக்கிற ரெண்டு தொகுதி சரக்கைக் கலந்து ஒரே பெட்டியில போட்டா, மேல இருக்கிற டைலைப் பாத்துட்டு அடிவரைக்கும் அதேன்னு எடுத்துட்டு வருவியா? பிரிச்சுப் பாக்க மாட்டே?”

“நான் என்ன டைல்ஸ் பெட்டியா?” என்று சொல்லிவிட்டு சின்னவள் மறுபடி குனிந்தாள். குனியும்போது ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டாள்.

“முதுகு இன்னும் வலிக்குதா?”

“நாள் பூரா குனிஞ்சு வேலை செஞ்சா வலிக்காம கொஞ்சுமா? போக்கா, பூச்சு காய்ஞ்சிடும்.”

முதல் தடவை டாக்டரிடம் நேரம் வாங்கியபோது, கடைசி நிமிஷத்தில் வேலை வந்துவிட்டது என்றாள் சின்னவள். இரண்டாம் தடவை கண்டிப்பாக வருகிறேன் என்றாள். டைல்ஸ் அக்கா கடையில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, ஸ்கேன் அறை வாசலில் போய் நின்றாள். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். மறுபடி கூப்பிட்டார்கள். ஆள் இல்லையா என்று முகத்தைச் சுளித்தார்கள். போன் போட்டால் அணைத்து வைத்திருந்தாள் மகராசி. தங்கையின் புருஷனைக் கூப்பிட்டால், “நான் சொன்னா கேக்கற ஆளா அவ? அவ இஷ்டம்” என்று ஒரே வரியில் கைகழுவிவிட்டார். வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் அவள் வாய்விட்டே திட்டிக்கொண்டு வந்தாள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

கடையிலும் நிம்மதி இல்லை. விலா உடைந்த செய்தி தெரிந்ததும் முதலாளி, “இனிமே ஒத்தைக்கால் எல்லாம் வேண்டாம்மா, ஏதாவது ஆச்சுன்னா என் தலையில விடியும்” என்று சொல்லிவிட்டார். அவள் இப்போது மற்றவர்களைப் போலக் கம்பெனி அட்டையைக் காட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் வாங்க வந்த பெண்மணி, வழுக்குமா என்று கேட்டு, அட்டையைப் பார்த்துவிட்டு, யோசிச்சு சொல்றேன் என்று போய்விட்டாள். அந்தப் பெண்மணி மேல் என்ன தப்பு? வாங்காமல் போனவள் மேல் வராத கோபம், வராமல் போன தங்கைமேல் வந்தது.

கடைசியில் அண்ணனிடம் போனாள். அப்பாவுக்கு அப்புறம் சின்னவள் பயப்படுகிற ஒரே ஆள் அவர்தான். அழாத குறையாகக் கேட்டாள். “நீ ஒரு வார்த்தை சொன்னா கேப்பாண்ணே. நான் தலைகீழா நின்னாலும் கேக்க மாட்டேங்கறா. அவளுக்கு என்னை விட மோசமா இருக்கும்னு டாக்டர் பயப்படறாங்க. அம்மா மாதிரி ஆயிடக் கூடாதுண்ணே.”

அண்ணன் தலையை ஆட்டினார். முகம் இறுகிப்போயிருந்தது. “நீ கவலைப்படாத. நான் பாத்துக்கறேன்” என்றார்.

அவள் நம்பினாள். நம்பிக்கைக்கு என்ன குறைச்சல்! அந்த வாரக் கடைசியில் தங்கையின் வீட்டுக்குப் போனபோது வாசலிலேயே சுத்தியல் சத்தம் கேட்டது. உள்ளே போனாள். குளியலறைத் தரை முழுவதும் பெயர்க்கப்பட்டு, உடைந்த டைல்ஸ் குவியலாகக் கிடந்தது. நடுவில் அண்ணன் உளியோடு உட்கார்ந்திருந்தார். தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூசி. சுவரோரம் அதே சொரசொரப்பான கல், அம்மா வீட்டில் போட்ட அதே ரகம். சின்னவள் இடிபாட்டை வாளியில் அள்ளி வெளியே தூக்கிக்கொண்டு வந்தாள்.

“கீழ வைடி அதை!” என்று டைல்ஸ் அக்கா போட்ட சத்தத்தில் தங்கை வாளியைப் பொத்தென்று வைத்தாள்.

“அண்ணே, நான் உன்னை என்ன பண்ணச் சொன்னேன், நீ என்ன பண்ணிட்டிருக்க?”

“பேசினா இவ கேக்க மாட்டா” என்றார் அண்ணன், நிமிராமல். “தரை நான் சொன்னபடி கேக்கும்.”

“ஐயோ! தரை, தரை, தரை! இந்த வீட்டுல யாருக்காவது மூளை இருக்கா? நான் நின்ன இடத்துல தும்மி உடைச்சுக்கிட்டேன். அம்மா காய்ஞ்ச தரையில திரும்பும்போதே உடைச்சுக்கிட்டா. அவளே சொன்னா, நாமதான் கேக்கலை. தரை ஒரு பாவமும் பண்ணலைண்ணே! இன்னும் எத்தனை தரையைத்தான் உடைப்பே?”

அண்ணன் உளியைக் கீழே போட்டார். அவருக்கு அறுபது வயசு. இருவரும் அவர் குரல் உடைந்து கேட்டதில்லை.

“தரைன்னா உடைச்சு வேற போட்டுடுவேன். எலும்புன்னா நான் என்னத்தைப் பண்ணுவேன்? சொல்லு, என்னத்தை மாத்துவேன்? எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்” என்றார். மூக்கைப் புறங்கையால் துடைத்தார். தூசி சேறாகி முகத்தில் இழுபட்டது.

அவளுக்கு அதற்கு மேல் அவரைத் திட்ட வாய் வரவில்லை. மிச்சமிருந்த கோபத்தையெல்லாம் தங்கைமேல் திருப்பினாள். “இப்பவாவது வாடி. அரை மணி நேர வேலை. படுக்கணும், எழுந்து வரணும். அதுக்கு எதுக்குடி இந்த ஓட்டம்?”

“அந்தப் படுக்கைதான் பயமா இருக்கு!” என்று கத்தினாள் சின்னவள். “ஸ்கேன்ல ஏதாவது வந்துடுச்சுன்னா அப்புறம் என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாதா? அதைத் தூக்காத, இங்க போகாத, எழுந்திருக்காதன்னு ஆரம்பிச்சு, அம்மாவைப் படுக்க வெச்ச மாதிரி என்னையும் படுக்க வெச்சிடுவீங்க. அம்மா எழுந்து உக்காரணும்னு எத்தனை தடவை கெஞ்சினா? விட்டோமா? பாசமா பாத்துக்கறோம்னு பாத்துப் பாத்தே அனுப்பிட்டோம். எனக்கு வேலைக்குப் போகணும். எனக்கு அந்தப் பாசம் வேண்டாம்.”

சின்னவள் இடுப்புப் பட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, அக்காவை நேராகப் பார்த்தாள்.

“அது போகட்டும். உன் பொண்ணுகிட்ட சொன்னியா?”

டைல்ஸ் அக்காவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

“அவ சின்னப் பொண்ணு. அவளுக்கு இப்போ என்ன அவசரம்?”

“முப்பது வயசு. சின்னப் பொண்ணா? எனக்கு மட்டும் வீடு தேடி, வேலை செய்யற இடம் தேடி வந்து சொல்றே. உன் பொண்ணுக்கு ஒரு போன் போட மனசு வரலையா? முதல்ல அவகிட்ட சொல்லு. அப்புறம் என்கிட்ட வா.”

மனசு வரவில்லைதான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மகளோடு பேசும்போது வாய் வரைக்கும் வரும். அந்த மரபணு எங்கிருந்து வந்தது என்று மகள் கேட்டால், என்னிடமிருந்துதான் என்று சொல்ல வேண்டுமே! பெற்றவள் பிள்ளைக்குக் கொடுக்கிற பொருளா அது? விலாவைப் பற்றிக்கூட, “லேசா அடி பட்டுடுச்சு, இப்போ சரியாப் போச்சு” என்று மழுப்பிவைத்திருந்தாள். இத்தனை நாளாகத் தங்கையின் பிடிவாதம், அண்ணனின் மடத்தனம் என்று ஊரெல்லாம் புலம்பியவளுக்கு, தன்னுடைய வாயடைப்பு மட்டும் கண்ணில் படவில்லை. ஆத்திரம் இப்போது அவள் மேலேயே திரும்பியது. போனை எடுத்தாள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டாள்.

“என்னம்மா, இந்த நேரத்துல?” என்றாள் மகள்.

ஆரம்பம் சரியாக வரவில்லை. திரும்பத் திரும்ப, “ஒண்ணுமில்லம்மா, பயப்படாத” என்றாள். அதைக் கேட்டே மகள் பயந்துவிட்டாள். பிறகு ஒருவழியாகத் தும்மலிலிருந்து தொடங்கி டாக்டர் சொன்னது வரை கொட்டித் தீர்த்தாள்.

“அப்போ எனக்கும் வருமா?”

“வந்தே தீரும்னு இல்ல. வரலாம். உங்க அப்பா பக்கம் நல்ல எலும்பு. இப்போலேருந்தே நல்லா சாப்பிட்டு, நடந்து, எலும்பைப் பலமா வெச்சுக்கிட்டா பின்னால கஷ்டம் குறையும்னு சொன்னாங்க. எந்த டாக்டர்கிட்ட போனாலும் பாட்டிக்கு இடுப்பு உடைஞ்சுதுன்னு சொல்லிடு. என்கிட்டேருந்து இப்படி ஒண்ணு...” அவளால் முடிக்க முடியவில்லை.

“உன்கிட்டேருந்துதான் வாயும் வந்துச்சு. அதுக்கு யாரைக் கேக்கறது?” என்றாள் மகள். பிறகு கோபித்துக்கொண்டாள். “ஒண்ணரை மாசமா மறைச்சிருக்கே பாரு! சரி, சித்தி பாத்துட்டாங்களா? அவங்களுக்குத்தானே ரொம்ப முன்னாடியே ஆபரேஷன் ஆச்சு?”

டைல்ஸ் அக்கா போனைத் தங்கைப் பக்கம் நீட்டினாள். சின்னவள் அந்தப் போனை முறைத்துப் பார்த்தாள்.

“நாளைக்குப் போறேன்டி” என்றாள்.

“நாளைக்குன்னா நாளைக்கா, இல்ல டைல்ஸ் வேலைக்காரங்க சொல்ற நாளைக்கா?”

அண்ணன் தூசியோடு சிரித்துவிட்டார். சின்னவளுக்கும் சிரிப்பு வந்தது. “நாளைக்குன்னா நாளைக்குத்தான். போனை வை” என்றாள்.

மறுநாள் வந்தாள். அண்ணனும் வேலையை விட்டுவிட்டு வந்தார். ஸ்கேன் முடிந்து, டாக்டர் சின்னவளின் முதுகெலும்பை விரலால் ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் சின்னவள் துள்ளினாள். முதுகுக்கும் ஒரு படம் எடுக்கச் சொன்னாள் டாக்டர். படம் வந்ததும் வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினாள். வரிசையாகக் கட்டை கட்டையாக நின்ற எலும்புகளில் இரண்டு மட்டும் முன்பக்கம் நசுங்கியிருந்தன.

“எப்போ விழுந்தீங்க?”

“நான் விழவே இல்லையே டாக்டர்.”

“அப்போ குனிஞ்சு நிமிரும்போது, இல்ல எதையாவது தூக்கும்போது நசுங்கியிருக்கும். இது பழசு. ஒரு வருஷமோ, ரெண்டு வருஷமோ. வேலை செஞ்சு வர்ற முதுகுவலின்னு நினைச்சிருப்பீங்க. அடர்த்தி உங்க அக்காவைவிடக் குறைவா இருக்கு.”

“எங்கேயும் விழாமலேயா?” என்றார் அண்ணன். அதையே மறுபடி கேட்டார். டாக்டர் அவர் பக்கம் திரும்பி, “நீங்களும் அதே அம்மா பிள்ளைதானே? ஆம்பளைங்களுக்கும் வரும், கொஞ்சம் தாமதமா. ஒரு தடவை பாத்துக்கோங்க” என்றாள். அவர் தன் கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சின்னவள் ஒன்றுதான் கேட்டாள். “நான் படுக்கணுமா?”

“யார் சொன்னது? நீங்க நடக்கணும். நல்லா நடக்கணும். குனிஞ்சு கனம் தூக்கறது மட்டும் கூடாது. ஊசி போடலாம், இனிமே உடையாம பாத்துக்கலாம். நசுங்கினதைத் திரும்ப நிமிர்த்த முடியாதும்மா.”

வெளியே நடையில் வந்து நின்றார்கள். அண்ணன் மருந்து வாங்கப் போனார். சின்னவள் சுவரில் சாய்ந்துகொண்டு, “சொல்லு” என்றாள். “நான் அப்பவே சொன்னேனேன்னு சொல்லு. சொல்லித் தொலை.”

அக்கா அதைச் சொல்லத்தான் வந்தாள். இந்த வாரங்களில் எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள்! இப்போது வந்தது வேறு. “அம்மாவுக்கு மணிக்கட்டு உடைஞ்ச அன்னிக்கே ஒருத்தராவது இப்படிச் சொல்லியிருந்தா... ஒரு மாத்திரைடி. வாரத்துக்கு ஒரு மாத்திரை. நாம தரையைக் கொத்திட்டிருந்தோம்” என்றவள் நடுநடையில் நின்று அழுதாள். துக்கத்தைவிட அதில் ஆத்திரம்தான் அதிகம். கடந்துபோனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

சின்னவள் சுவரை விட்டு வந்து இரண்டு கையையும் விரித்தாள். அக்காவும் நெருங்கினாள். நெருங்கியவள் பாதியில் நின்றுவிட்டாள்.

“உன் முதுகுடி.”

“உன் விலாவும் இருக்கே.”

கட்டிப்பிடிக்க வந்த இரண்டு பேரும், ஒருத்தியை ஒருத்தி எங்கே தொடுவது என்று தெரியாமல் கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் சின்னவள் அக்காவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். அதையும் அவள் அழுத்திப் பிடிக்கவில்லை.